வீட்டுக் கணினியில் கோப்பு சர்வர்: எஃப்.டி.பி.க்கு இன்னும் இடம் உண்டா?

கல்யாண வீடியோ எடுப்பவர்களிடமும் ஆல்பம் வடிவமைப்பவர்களிடமும் பேசினால் ஒரே குறைதான் திரும்பத் திரும்ப வரும்: கோப்பு பெரிது, அனுப்பும் வழி சிறிது. ஜிமெயில் இணைப்பு 25 எம்.பி.யில் நின்றுவிடுகிறது. வாட்ஸ்அப்பில் ஆவணமாகப் போட்டால் 2 ஜி.பி. வரை போகும், படமாகப் போட்டால் சுருக்கித் தரத்தைக் குறைத்துவிடும். கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜி.பி.யில் மின்னஞ்சல், ஆவணம், படம் எல்லாம் அடங்கியாக வேண்டும். 2021 ஜூன் 1 முதல் கூகுள் போட்டோஸில் ஏற்றும் படங்களும் அந்தக் கணக்கில்தான் சேர்கின்றன. இத்தனைக்கும் வீட்டு மேசையில் 2 டி.பி. ஹார்டு டிஸ்க்கோடு ஒரு கணினி இருக்கிறது, சுவரோரம் ஃபைபர் இணைப்பும் இருக்கிறது. அந்தக் கணினியையே சர்வராக்கி, வேண்டியவர்கள் வெளியூரிலிருந்து கோப்பை எடுத்துக்கொள்ளவும் போடவும் வழிசெய்தால் என்ன என்று யாருக்கும் தோன்றும். அப்படித் தேடப் புகுந்தவர்களுக்கு முதலில் எதிர்ப்படும் பெயர் எஃப்.டி.பி., அதாவது கோப்புப் பரிமாற்ற நெறிமுறை.

இதில் இரண்டு கேள்விகள் பிணைந்து கிடக்கின்றன. வீட்டுக் கணினியைக் கோப்பு சர்வராக வைத்துக்கொள்வது சரியா என்பது ஒன்று. அதை எஃப்.டி.பி. கொண்டு செய்யலாமா என்பது மற்றொன்று. முதலாவதற்கு என் பதில், தயங்காமல், சரி. நம் கோப்பு நம் வீட்டில் இருப்பது நல்லது. மாதச் சந்தா கட்டியும், நிபந்தனை மாறும்போதெல்லாம் பணிந்தும் வாழ வேண்டியதில்லை. இரண்டாவதற்கு, வீட்டுக்குள் செய்யலாம், இணையத்தை நோக்கித் திறந்து வைக்கக் கூடாது என்பது என் முடிவு. அந்த முடிவுக்கு வந்த வழியைத்தான் இங்கே விரித்துச் சொல்கிறேன்.

எஃப்.டி.பி.க்கு ஐம்பது வயது கடந்துவிட்டது. கான்பூர் ஐ.ஐ.டி.யின் முதல் அணியில் படித்து, 1965-இல் பட்டம் பெற்று, எம்.ஐ.டி.க்குப் போன அபய் பூஷண் 1971 ஏப்ரலில் ஆர்.எஃப்.சி. 114 என்ற ஆவணத்தில் அதன் முதல் வடிவத்தை எழுதினார். இன்றைய இணையத்தின் அடித்தளமான டி.சி.பி./ஐ.பி.க்கு, அந்த இணையத்தின் முன்னோடி வலையான ஆர்ப்பாநெட் 1983 ஜனவரி 1 அன்றுதான் மாறியது. அதற்கு ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டு முன்பே, ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் கோப்பு கொண்டுபோகும் முறை எழுத்தில் வந்துவிட்டது. நாம் இப்போது பயன்படுத்தும் வடிவம், ஜான் போஸ்டலும் ஜாய்ஸ் ரெனால்ட்ஸும் 1985 அக்டோபரில் வெளியிட்ட ஆர்.எஃப்.சி. 959. வன்பொருளும் மென்பொருளும் வேறுவேறான இயந்திரங்களை ஒன்றோடொன்று பேசவைத்த அந்தக் காலத்து வேலைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் அந்த வடிவமைப்பு இரண்டு நம்பிக்கைகளின் மேல் நின்றது. வலையில் உள்ள எந்தக் கணினியும் மற்ற எதையும் நேரடியாக எட்டலாம் என்பது ஒன்று. வலையில் இருப்பவர்கள் பல்கலைக்கழகங்களையும் ஆய்வுக்கூடங்களையும் சேர்ந்தவர்கள், ஒருவரையொருவர் நம்பலாம் என்பது இன்னொன்று. நம் வீட்டு இணைப்பில் இரண்டுமே கிடையாது.

முதல் நம்பிக்கை உடைந்ததுதான் வீட்டில் எஃப்.டி.பி. சர்வர் அமைப்பவரை அதிகம் அலைக்கழிக்கிறது. எஃப்.டி.பி. ஒரு வேலைக்கு இரண்டு இணைப்புகளைப் பயன்படுத்துகிறது. பயனர் பெயர், கடவுச்சொல், ‘இந்தக் கோப்பைக் கொடு’ போன்ற கட்டளைகள் எல்லாம் போர்ட் 21 என்ற எண்ணிட்ட வாசல் வழியாகப் போகும். கோப்பும், கோப்புறையின் பட்டியலும் அதில் வருவதில்லை. அவற்றுக்கென ஒவ்வொரு முறையும் தனி இணைப்பு ஒன்று எழுப்பப்படும். பழைய முறையில், ‘என் முகவரி இது, இந்தப் போர்ட்டுக்கு வா’ என்று வாடிக்கையாளரின் கணினி சொல்ல, சர்வர் தன் போர்ட் 20-லிருந்து அங்கே தேடிப் போகும். வாடிக்கையாளரின் ஃபயர்வால் வெளியிலிருந்து வரும் அந்த அழைப்பை மறித்துவிடும். ஆகவே பாசிவ் என்ற மாற்று முறை பரவியது: சர்வர் தன்னிடம் ஒரு போர்ட்டைத் திறந்து வைத்து அதன் எண்ணைச் சொல்ல, வாடிக்கையாளர் தேடி வருகிறார். 1994-லேயே ஆர்.எஃப்.சி. 1579 இதைத்தான் பரிந்துரைத்தது.

பாசிவ் முறையில் தொல்லை சர்வர் பக்கம் வந்து சேர்கிறது. வீட்டுக் கணினியின் முகவரி 192.168.1.10 என்பது போல இருக்கும். இது வீட்டு ரூட்டர் உள்ளுக்குள் பங்கிட்டுத் தந்த எண், வெளியுலகில் செல்லாது. மென்பொருளை நிறுவி, ரூட்டரில் போர்ட் 21-ஐக் கணினிக்குத் திருப்பிவிட்டால் வெளியூர் நண்பர் உள்ளே நுழைந்துவிடுவார், கடவுச்சொல்லும் ஏற்கப்படும். ஆனால் கோப்புப் பட்டியல் வராது. சிறிது நேரம் சுற்றிவிட்டு இணைப்பு அறுந்துபோகும். காரணம், ‘தரவுக்கு 192.168.1.10-க்கு வா’ என்று சர்வர் வெகுளியாகச் சொல்லியிருக்கும்; நண்பரின் ஊரில் அந்த எண் வேறு யாருடைய பிரிண்டராகவோ இருக்கலாம். கடவுச்சொல் சரியாக இருந்தும் பட்டியல் வராமல் தவிப்பவர்களில் பெரும்பாலோருக்கு இதுதான் நோய்.

தீர்வு இருக்கிறது. ஃபைல்ஸில்லா சர்வர் போன்ற மென்பொருளில் பாசிவ் முறைக்கென ஒரு போர்ட் வரிசையை, உதாரணமாக 50000 முதல் 50050 வரை, ஒதுக்க வேண்டும். அதே வரிசையை ரூட்டரிலும் கணினியின் ஃபயர்வாலிலும் திறக்க வேண்டும். வெளியே சொல்ல வேண்டிய முகவரியாக வீட்டின் பொது ஐ.பி.யைக் கொடுக்க வேண்டும். பொது ஐ.பி. அடிக்கடி மாறுமென்றால் டக்-டி.என்.எஸ்., நோ-ஐ.பி. போன்ற சேவையில் ஒரு நிலையான பெயரைப் பெற்று அதோடு இணைக்க வேண்டும். கணினிக்கு ரூட்டர் எப்போதும் ஒரே உள்முகவரியைத் தரும்படி அமைத்துக்கொள்வதும் கட்டாயம். இல்லையென்றால் ஒருநாள் மின்சாரம் போய் வந்தபின் திருப்பிவிட்ட போர்ட் எல்லாம் வேறு கருவியைப் பார்த்து நிற்கும். சோதிக்கும்போது வீட்டு வைஃபையிலிருந்து பொது முகவரியைத் தட்டிப் பார்க்கக் கூடாது. பல ரூட்டர்கள் தம்மிடமிருந்து கிளம்பித் தம்மிடமே திரும்பும் போக்குவரத்தை ஏற்பதில்லை. எல்லாம் சரியாக இருந்தும் தவறென்று தோன்றும். கைபேசியில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் பார்ப்பதே சரியான சோதனை.

இத்தனையும் செய்தும் வேலை செய்யாத வீடுகள் ஏராளம். அவர்களிடம் பொது முகவரியே இல்லை. ஐ.பி.வி.4 முறையில் மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகள்தான் உண்டு. உலகக் கையிருப்பின் கடைசிப் பங்கீடு 2011 பிப்ரவரியில் நடந்தது. ஆசிய பசிபிக் பகுதியின் கையிருப்பு அதே ஆண்டு ஏப்ரலில் தீர்ந்து, ரேஷன் முறை வந்தது. இந்தியாவில் வீடுதோறும் ஃபைபர் வந்தது அதற்குப் பிறகுதான். ஆகவே பல நிறுவனங்கள் ஒரே பொது முகவரியின் பின்னால் பல வீடுகளைச் சேர்த்து வைக்கின்றன. அடுக்குமாடி ஒன்றில் எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே கதவெண்தான் என்றால், வெளியிலிருந்து வரும் தபால் எந்த வீட்டுக்கு என்று காவலாளிக்குத் தெரியாது, அதே நிலைதான். இதைக் கண்டறிவது எளிது. ரூட்டர் பக்கத்தில் வெளி முகவரியாகக் காட்டும் எண்ணும், ‘என் ஐ.பி. என்ன’ என்று இணையத்தில் கேட்டால் வரும் எண்ணும் வேறாக இருந்தால், அல்லது ரூட்டரில் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண் இருந்தால், நீங்கள் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறீர்கள். நிலையான ஐ.பி.யைத் தனிக் கட்டணத்துக்கு வாங்கலாம். ஐ.பி.வி.6 இருந்தால் ஒவ்வொரு கருவிக்கும் பொது முகவரி கிடைக்கும். ஆனால் எதிர்முனையிலும் அது இருக்க வேண்டும், ரூட்டரின் ஃபயர்வாலிலும் வழிவிட வேண்டும்.

இரண்டாவது நம்பிக்கை உடைந்ததன் விளைவு இன்னும் மோசம். எஃப்.டி.பி.யில் கடவுச்சொல் மறைக்கப்படாமல் எழுத்தெழுத்தாகப் போகிறது. ரயில் நிலைய வைஃபையில் உட்கார்ந்து ஒருவர் உங்கள் சர்வருக்குள் நுழைந்தால், அந்தப் போக்குவரத்தைப் பார்க்க முடிந்தவர் யாராக இருந்தாலும் கடவுச்சொல்லையும் கோப்பையும் படித்துவிடலாம். பொது முகவரியில் போர்ட் 21 திறந்த சிறிது நேரத்திலேயே, உலகின் மூலைமுடுக்கிலிருந்து தானியங்கி நிரல்கள் ‘அட்மின்’, ‘ரூட்’, ‘டெஸ்ட்’ என்று பெயர்களைப் போட்டுத் தட்டத் தொடங்கும். சர்வரின் பதிவேட்டைத் திறந்து பார்த்தால் போதும், எவரும் இதைத் தம் கண்ணாலேயே காணலாம். யாரும் நம்மைக் குறிவைக்க மாட்டார்கள் என்ற எண்ணம் இங்கே செல்லாது. அவை எந்த மனிதரையும் குறிவைப்பதில்லை, எண் வரிசைப்படி எல்லா முகவரிகளையும் தட்டுகின்றன.

கடவுச்சொல்லே வேண்டாம் என்று திறந்துவைக்கும் பழக்கமும் எஃப்.டி.பி.யோடு வளர்ந்தது. அனானிமஸ் என்ற பெயரில் யாரும் நுழையலாம். மென்பொருளை எல்லோருக்கும் பகிர்ந்த காலத்தில் அது பெரிய கொடையாக இருந்தது. ஆனால் 2017 மார்ச்சில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ., மருத்துவமனைகளும் பல் மருத்துவர்களும் வைத்திருந்த இத்தகைய சர்வர்களிலிருந்து நோயாளிகளின் விவரங்கள் களவுபோவதாக எச்சரித்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் 2015-ஆம் ஆண்டு ஆய்வு பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சர்வர்கள் அப்படித் திறந்து கிடப்பதைக் கண்டிருந்தது. யாரோ ஒருவர் வசதிக்காகத் திறந்து, மூட மறந்தவை.

எஃப்.டி.பி.யைக் காப்பாற்றும் முயற்சிகள் நடக்காமல் இல்லை. வங்கித் தளங்கள் பயன்படுத்தும் அதே டி.எல்.எஸ். மறையாக்கத்தை எஃப்.டி.பி.யின் மேல் போர்த்தும் எஃப்.டி.பி.எஸ்., 2005-இல் ஆர்.எஃப்.சி. 4217 ஆக வந்தது. கடவுச்சொல் மறைந்துவிடும், நல்லதுதான். ஆனால் இரண்டு இணைப்புச் சிக்கல் அப்படியே இருக்கிறது, சற்று மோசமாகவும் ஆகிறது. சில ரூட்டர்கள் எஃப்.டி.பி. உரையாடலைப் படித்து, சர்வர் சொல்லும் உள்முகவரியைத் தாமாகவே பொது முகவரியாகத் திருத்தி அனுப்பி உதவும். மறையாக்கம் வந்தபின் ரூட்டருக்கு அந்த உரையாடல் படிக்கக் கிடைப்பதில்லை, உதவியும் நின்றுபோகிறது. பாதுகாப்பில்லாமல் ஓடியது, பாதுகாப்பைப் போட்டதும் படுத்துவிட்டதே என்று பலர் மறையாக்கத்தையே அணைத்துவிடுகிறார்கள். ஒரு கருவி தன்னைப் பயன்படுத்துபவரை ஆபத்தான பக்கம் தள்ளுகிறது என்றால், குறை பயன்படுத்துபவரிடம் இல்லை.

பெரிய இடங்கள் ஏற்கெனவே விலகிவிட்டன. லினக்ஸ் கெர்னலின் தளம் 2017 மார்ச்சிலும், டெபியன் 2017 நவம்பரிலும் தங்கள் பொது எஃப்.டி.பி. சேவையை மூடின. ஆப்பிள் அதே ஆண்டு வந்த ஹை சியராவில் எஃப்.டி.பி. கட்டளையையே எடுத்துவிட்டது. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 2021-இல் எஃப்.டி.பி. ஆதரவை நீக்கின. ஆகவே, முகவரிப் பட்டையில் தட்டினால் போதும் என்று வாடிக்கையாளரிடம் சொல்ல முடிந்த அந்த ஒரு வசதியும் இன்று இல்லை. அவரும் தனி மென்பொருள் நிறுவியாக வேண்டும். அப்படி நிறுவத்தான் வேண்டுமென்றால் நல்லதையே நிறுவச் சொல்லலாமே.

நல்லது என்று நான் முதலில் கைகாட்டுவது எஸ்.எஃப்.டி.பி. பெயர் ஒத்திருந்தாலும் எஃப்.டி.பி.யோடு இதற்கு உறவில்லை, தொலைவிலிருந்து கணினிக்குள் மறையாக்கத்தோடு நுழைய உதவும் எஸ்.எஸ்.எச். குடும்பத்தைச் சேர்ந்தது இது. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையில் யாரோ கடவுச்சொற்களை ஒட்டுக்கேட்டதைக் கண்டு, அங்கிருந்த டாட்டூ இலோனென் 1995-இல் எஸ்.எஸ்.எச்.சை உருவாக்கினார். எஃப்.டி.பி. எந்த நோயால் சாகிறதோ, அதே நோய்க்கு மருந்தாகப் பிறந்தது. கட்டளை, கோப்பு எல்லாம் போர்ட் 22 வழியாக ஒரே இணைப்பில், மறையாக்கத்தோடு போகின்றன. பாசிவ் வரிசை, சர்வரிடம் பொது முகவரியைச் சொல்லிவைப்பது, இரண்டாவது இணைப்பு என்ற பேச்சே இல்லை. லினக்ஸில் ஓப்பன்-எஸ்.எஸ்.எச். எளிதாகக் கிடைக்கும், விண்டோஸ் 10-இல் 2018 அக்டோபர் பதிப்பு முதல் கூடுதல் வசதிகள் பட்டியலிலிருந்து அதைச் சேர்க்கலாம். எதிர்முனையில் ஃபைல்ஸில்லா, வின்-எஸ்.சி.பி. இரண்டும் இதைப் பேசும்.

அமைக்கும்போது இரண்டு காரியங்களில் கருமித்தனம் கூடாது. கடவுச்சொல் நுழைவை அணைத்துவிட்டு, ஆளுக்கொரு திறவுகோல் கோப்பு கொடுங்கள். தட்டிப் பார்க்கும் நிரல்கள் ஆயுள் முழுக்கத் தட்டினாலும் நுழைய முடியாது. அடுத்து, கோப்புப் பரிமாற்றத்துக்கென நிர்வாக உரிமை இல்லாத தனிப் பயனரை உருவாக்கி, அவரை ஒரே கோப்புறைக்குள் அடைத்துவிடுங்கள். இதில் லினக்ஸில் பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அடைக்கும் கோப்புறையின் உரிமை ரூட் என்ற நிர்வாகப் பயனரிடமே இருக்க வேண்டும், பிறர் எழுத முடியாதபடி இருக்க வேண்டும், இல்லையென்றால் ஓப்பன்-எஸ்.எஸ்.எச். இணைப்பை அறுத்துவிடும். அதற்குள் இன்னொரு கோப்புறை உருவாக்கி, அதைப் பயனருக்கு எழுதக் கொடுத்தால் சரியாகும்.

ஆனாலும் எந்த மென்பொருளும் இரும்புக்கோட்டை அல்ல. மிகப் பாதுகாப்பானது என்ற பொருளிலேயே பெயர் வைக்கப்பட்ட வி.எஸ்.எஃப்.டி.பி.டி. என்ற எஃப்.டி.பி. சர்வர் மென்பொருளின் 2.3.4 பதிப்பில், 2011-இல் பதிவிறக்கத் தளத்திலேயே யாரோ பின்வாசல் வைத்துவிட்டார்கள். பயனர் பெயரில் சிரிப்புக் குறி போட்டால் போர்ட் 6200-இல் முழு அதிகாரத்தோடு நுழையலாம். 2024 மார்ச்சில் எக்ஸ்.இசட். என்ற சுருக்க நூலகத்தின் வழியாக எஸ்.எஸ்.எச்.சுக்கே அப்படியொரு பின்வாசல் வைக்க முயன்றது, ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் ஒரு சிறு தாமதத்தைத் துருவிப் பார்த்ததால் வெளிப்பட்டது. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற பணயத்தொகை நிரல், இணையத்தை நோக்கித் திறந்திருந்த கியூநேப் சேமிப்புப் பெட்டிகளில் புகுந்து வீட்டுப் படங்களையெல்லாம் பூட்டியது. ஆகையால் எந்தச் சேவையாக இருந்தாலும் வெளியே தெரியாமல் இருப்பதே வீட்டுக்கு ஏற்றது.

அதற்கான வழி வயர்கார்டு. 2020 மார்ச்சில் லினக்ஸ் கெர்னல் 5.6-இலேயே சேர்க்கப்பட்ட இந்த வி.பி.என். (இணையத்தின் ஊடே மறையாக்கப்பட்ட தனிப் பாதை), உரிய திறவுகோல் இல்லாதவர் தட்டினால் பதிலே சொல்லாது. தேடித் திரியும் நிரலுக்கு அங்கே ஒரு சேவை இருப்பதே தெரியாது. உங்கள் மடிக்கணினியும் கைபேசியும் அதன் வழியே வீட்டு வலைக்குள் வந்துவிட்டால், பிறகு எந்த முறையில் கோப்பை எடுத்தாலும் கவலையில்லை. பொது முகவரி இல்லாத வீடுகளுக்கு, வயர்கார்டின் மேல் கட்டப்பட்ட டெயில்ஸ்கேல் பொருந்தும். இரண்டு முனைகளும் உள்ளிருந்து வெளியே கிளம்பிச் சந்திப்பதால் போர்ட் எதையும் திறக்க வேண்டியதில்லை. அறிமுகம் செய்துவைப்பது ஒரு நிறுவனத்தின் சர்வர் என்பது அதில் உள்ள குறை; கோப்பு அவர்கள் படிக்க முடியாத வகையில்தான் போகிறது. இரண்டு கணினிகளில் ஒரே கோப்புறை எப்போதும் ஒத்திருந்தால் போதும் என்பவர்களுக்கு சிங்திங் போதும், சர்வரே வேண்டாம். வீட்டிலேயே சொந்த கிளவுட் சேவை நடத்த உதவும் நெக்ஸ்ட்கிளவுட் நல்லதுதான், ஆனால் கோப்பு மட்டும் வேண்டுமென்பவருக்கு அதைப் பராமரிக்கும் வேலை அதிகம்.

அப்படியானால் எஃப்.டி.பி.க்கு மிச்சம் இருக்கும் இடம் எது? வீட்டு வைஃபை. அங்கே அது இன்றும் அருமையாக உழைக்கிறது. கைபேசியின் கோப்பு மேலாளரில் எஃப்.டி.பி.யைத் தொட்டதும் ஒரு முகவரியும், பெரும்பாலும் 2121 என்ற போர்ட்டும் வரும். கணினியில் அதைக் கொடுத்தால் கேபிள் இல்லாமல் படங்களை மாற்றிக்கொள்ளலாம். உயர்வகை கேமராக்கள் எடுத்த படத்தை உடனுக்குடன் எஃப்.டி.பி. வழியே கணினிக்குத் தள்ளும். ஸ்கேனர், ஜெராக்ஸ் இயந்திரம், சிசிடிவி பெட்டி போன்ற பழைய கருவிகளில் பலவற்றுக்கு அந்த ஒரு மொழிதான் தெரியும். இவற்றுக்காக ஃபைல்ஸில்லா சர்வரை நிறுவிக்கொள்ளுங்கள். ரூட்டரில் மட்டும் எதையும் திறக்காதீர்கள்.

எந்த முறையைத் தேர்ந்தாலும் தொடரும் சில நடைமுறைகள் உண்டு. தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது எழுத்தின் நீளம். யு.டி.எஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட். ‘க்’ என்பது இரண்டு குறியீடு, ஆறு பைட். லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறையில் பெயருக்கு 255 பைட்தான் இடம், அதாவது 85 தமிழ்க் குறியீடுகள். விண்டோஸில் நீளமாகப் பெயர் வைத்த கோப்பை லினக்ஸ் சர்வர் ஏற்க மறுத்தால் இதைச் சந்தேகியுங்கள். யு.டி.எஃப்-8 அறியாத பழைய எஃப்.டி.பி. மென்பொருளில் தமிழ்ப் பெயர் கேள்விக்குறிகளாக வரும். எஃப்.டி.பி.யில் எழுத்து முறை, பைனரி முறை என்று இரண்டு உண்டு. படத்தை எழுத்து முறையில் அனுப்பினால் கெட்டுவிடும். போய்ச் சேர்ந்த கோப்பு மாறாமல் இருக்கிறதா என்று எஃப்.டி.பி. சரிபார்ப்பதில்லை, முக்கியமானவற்றுக்கு ஷா-256 என்ற சரிபார்ப்பு எண்ணைக் கணக்கெடுத்து இரண்டு முனையிலும் ஒப்பிடுங்கள்.

வேகத்தைக் கணக்கிடும்போது பதிவிறக்க எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். உங்கள் சர்வரிலிருந்து பிறர் எடுப்பது உங்களுக்கு அப்லோடு. அது 10 எம்.பி.பி.எஸ். என்றால் 10 ஜி.பி. கோப்பு போய்ச்சேர இரண்டேகால் மணி நேரம் ஆகும், 100 எம்.பி.பி.எஸ். என்றால் கால் மணிக்குள் முடியும். மின்சாரமும் கணக்கில் வர வேண்டும். 60 வாட் இழுக்கும் மேசைக் கணினி இரண்டு மாதம் இரவு பகலாக ஓடினால் 86 யூனிட் ஆகும். தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் யூனிட்டில் கணிசமான பங்கை அதுவே தின்றுவிடும். 5 வாட் எடுக்கும் ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினிக்கு அதே காலத்தில் 7 யூனிட் போதும். எப்போதும் ஓட வேண்டிய சர்வருக்குச் சிறு கணினியே உகந்தது என்று உறுதியாகச் சொல்வேன். சர்வரில் ஒரு பிரதி இருப்பதாலேயே கோப்பு பத்திரம் என்று இருந்துவிடவும் கூடாது. டிஸ்க் போனால் எல்லாம் போகும். இணைப்பைப் பிடுங்கி அலமாரியில் வைக்கும் இரண்டாவது டிஸ்க் ஒன்று வேண்டும்.

பிறருடைய கோப்புகளை வைத்திருப்பவருக்குப் பொறுப்பு இன்னும் கூடுதல். ஒரு குடும்பத்தின் கல்யாணப் படங்கள், குழந்தைகளின் முகங்கள், ஆதார் நகல்கள் அந்த டிஸ்க்கில் இருக்கின்றன. நீங்கள் எப்போதோ வசதிக்காக ரூட்டரில் போர்ட் 21-ஐத் திறந்திருந்தால், இன்றே ரூட்டர் பக்கத்துக்குள் போய் அந்த வரியை நீக்குங்கள். அனானிமஸ் கணக்கு இருந்தால் அதையும் அழித்துவிடுங்கள். புதிய வழியை அமைப்பதை அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரை தள்ளிப்போடலாம், இதைத் தள்ளிப்போடாதீர்கள்.